குடித்துக் காட்டியவன்

வாங்க மேடம், வாங்க. செருப்போடயே வாங்க, ஒண்ணும் ஆவாது. இக்கட்டால, இந்தப் பக்கமா உக்காருங்க, அங்க ஃபேன் காத்து வராது. மெட்ராசுல இருந்து நேரா வர்றீங்களா? பாவமுங்க. இந்தாங்க, மொதல்ல தண்ணி குடிங்க. அட, மூடி பிரிக்காத பாட்டில்தானுங்க, பயப்படாமக் குடிங்க. வர்ற ஒறம்பரை, விருந்தாளிக்கெல்லாம் பாட்டில் தண்ணிதான். என்ற ஊட்டுலயும் அதேதான்.

துணி எடுக்கறதுக்கு முன்னால சாயப்பட்டறையப் பாத்துட்டு வான்னு உங்களை உங்க கம்பெனி அனுப்பியிருக்குது. பாருங்க, நல்லாப் பாருங்க. மறைக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லீங்க. ஆனா மிஷினப் பாக்கறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லோணும். கேட்டுக்கு வெளிய டீக்கடையில எவனாச்சும் உங்க காதுல ஓதியிருப்பான், பொங்கியண்ணன் சமாச்சாரத்தக் கேட்டுட்டுப் போங்கன்னு. ஓதுனானா இல்லியா? சிரிக்கறீங்க பாருங்க, ஓதிட்டான். ஊருன்னா நாலு வாய் இருக்கத்தானுங்க செய்யும். அதுக்குத்தான் சொல்றேன், எங்கிட்டயே கேட்டுக்கோங்க. அந்த ஆளால கெட்டது நானு. நான் சொல்றதுதான் சரியா இருக்கும்.

நான் மொதலாளியாப் பொறக்கலீங்க. தெய்வசிகாமணின்னா இந்தப் பக்கத்துல சாய மாஸ்டருன்னுதான் மொதல்ல தெரியும். கொதிக்கற தொட்டிக்குப் பக்கத்துல நின்னு வெந்தவன் நானு. துணி வாங்கற பையரு ஒரு துண்டுத் துணிய அனுப்பி இதே ஷேடு வேணும்னா, கம்ப்யூட்டர் சொல்றதுக்கு முன்னால என்ற கண்ணு சொல்லிரும். லேபுல பசங்க ஓகேம்பானுங்க. நான், இல்லடா, செவப்பு ஒரு சொட்டு எச்சா இருக்குதும்பேன். வெயில்ல கொண்டு போயி வெச்சுப் பாத்தா எச்சாத்தான் இருக்கும். இப்ப நீங்க போட்டிருக்கற சுடிதாரும் துப்பட்டாவும் ஒரே தொட்டியில முக்குன லாட்டு இல்லீங்க. கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான். கோவிச்சுக்காதீங்க மேடம், கண்ணு பழகிப்போச்சு, கண்டா வாய் சும்மா இருக்காது.

சாயம்னா கழிவுத்தண்ணி வரும். முந்தி ஆத்துல உட்டோம். எல்லாரும் உட்டாங்க, நானும் உட்டேன். நான் ஒருத்தன் உடாம இருந்தா மட்டும் நொய்யல்ல பாலா ஓடப்போகுது? அப்புறம் கோர்ட்டு, கேசு, சட்டம், தொட்டி கட்டு, சுத்தம் பண்ணு. கட்டுனோம். தொட்டியில சுத்தம் பண்ணுனா அடியில சேறாட்ட ஒரு கசடு தங்கும். அதை எங்கயும் கொட்டக் கூடாது, ஒருத்தனும் வாங்கவும் மாட்டான். பட்டறைக்குப் பின்னால மூட்டை மூட்டையாக் குமிஞ்சு கெடந்துச்சுங்க. மழை பேஞ்சாப் போதும், செவப்பும் நீலமும் வழிஞ்சு ரோட்டுக்கு வந்துரும். அதப் பாத்துப் பாத்து எனக்குத் தூக்கம் போச்சு.

அப்பத்தான் ஒரு கூட்டத்துல ஒரு காலேஜ் டீச்சர் பேசுச்சு. ஹேமலதான்னு பேரு, கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம் வாங்குன புள்ள. கழிவுன்னு நீங்க ஒதுக்கி வெக்கறதே நாளைக்கு உங்களுக்கு ஒதவும்னு சொல்லுச்சு. கசடைக் காத்துப் படாமச் சுட்டாக் கரியாயிருமாம். அந்தக் கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஓட்டை ஓட்டையா இருக்குமாம். சாயத்தண்ணிய அது மேல உட்டா, சாயம் அந்த ஓட்டையில போயி ஒட்டிக்குமாம், தண்ணி மட்டும் கீழ எறங்குமாம். கூட்டத்துல பாதிப் பேரு தூங்கிட்டிருந்தானுங்க. நான் தூங்கலீங்க. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.

மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். பழைய எண்ணெய் டிரம்முல கசடு, அது கூட பாய்லர் சாம்பல், பனியன் கம்பெனி வெட்டுத்துணி எல்லாத்தையும் போட்டு, மூடிக்குச் சுத்தியும் களிமண்ணப் பூசி, பாய்லர் வாயிலயே வெச்சுச் சுட்டேன். ஆறுனதும் பொடிச்சு, ஒரு பிளாஸ்டிக் டேங்க்குல நெரப்பி, மேல இருந்து கழிவுத்தண்ணிய உட்டேன். கருஞ்செவப்பாப் போன தண்ணி மேடம், கீழ குழாயில எளநியாட்ட எறங்குச்சு. நான் அழுதுட்டனுங்க. நெசமாச் சொல்றேன், எங்கப்பன் செத்தப்பக் கூட அப்பிடி அழுகல. வாழ்க்கை பூரா நெறத்த ஏத்துனவன், அன்னிக்குத்தான் நெறம் எறங்கறதப் பாத்தேன்.

அந்த டீச்சர நானே கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்தேன். உன்னாலதான் அம்மிணி இதுன்னு சால்வை போத்துனேன். அது சும்மா இருக்காம ஒரு பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டுப் போச்சு. திரும்பி வந்து சொல்லுது, சார், நெறம் போயிருச்சு, அது சந்தோசம், ஆனா கசடுல இருந்த குரோமியமும் இன்னும் சில உலோகமும் கரியிலயே இருக்குது, தண்ணி போகப் போகக் கொஞ்சங்கொஞ்சமாக் கரைஞ்சு எறங்குதுங்குது. டிரம்முல சூடு பத்தாதாம். கரிய ஆசிட்டுல கழுவோணுமாம், கழுவுன தண்ணியத் தனியாப் புடிச்சு வெக்கோணுமாம். அது வரைக்கும் இந்தத் தண்ணிய சாயத்தொட்டிக்கே திருப்பி உட்டுக்கோங்க, யாரும் வாயில மட்டும் வெச்சறக் கூடாதுங்குது.

கரியக் கழுவுனா அந்தத் தண்ணிய நான் எங்க கொண்டு போயி ஊத்தறது? அதுக்கு இன்னொரு கரி சுடோணுமா? படிச்சவங்களுக்குச் சொல்றதுக்கென்ன, சொல்லிருவாங்க. நான் ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி புடிச்சு, வெள்ளைத் துணிக்கு முன்னால வெச்சேன். ஷேடு பாக்கறதே அப்பிடித்தானுங்க. நெறத்துல ஒரு தூசி இருந்தாலும் வெள்ளை காட்டிக்குடுத்துரும். ஒண்ணுமில்ல. எங்க அம்மிணி உன்ற குரோமியம், காட்டுன்னேன். அது கண்ணுக்குத் தெரியாது சார்ங்குது.

கேட்டுக்கிட்டீங்களா மேடம்? கண்ணுக்குத் தெரியாதாம். எங்கிட்ட வந்து சொல்லுது, எங்கிட்ட!

வயித்தெரிச்சல்தானுங்க, வேறென்ன? அது லேபுல குட்டிக் கிண்ணியில பண்ணுனத நான் டேங்க்குல பண்ணிட்டேனேன்னு. அது அத்தோட நிக்கல. அங்கங்க எழுதிப் போடுவேன்னு கெளம்புச்சு. அந்தக் காலேஜ் நடத்தறவரு எனக்கு மாமன் மொறை. ஒரு போன்தான் போட்டேன். இப்ப எங்கயோ ஊட்டுல வெச்சு டியூஷன் எடுக்குதாமா. நல்லா இருக்கட்டும், நான் யாரையும் சபிக்கறவன் இல்லீங்க.

சரி, தண்ணி சுத்தம்னு வர்றவங்களுக்குக் காட்டோணுமல்ல? எல்லாப் பட்டறையிலயும் ஒரு கண்ணாடித் தொட்டி வெச்சு மீன் உட்டு வெப்பாங்க. இதா, உங்களுக்குப் பின்னால இருக்குதே, இந்தத் தொட்டிதான். நானும் உட்டேன். செவப்பு மீனு, அழகா இருக்கும். காத்தால பாத்தா மல்லாந்து மெதக்கும். பொழுதோட வேற வாங்கிட்டு வந்து உடுவோம். மீனுன்னா சாகத்தானுங்க செய்யும். ஆனா ஒருக்கா பையரு நின்னு பாத்துட்டிருக்கறப்பவே ஒண்ணு சொழண்டு சொழண்டு மேல வந்துருச்சு. என்ற மானமே போச்சு. அன்னிக்கு முடிவு பண்ணுனேன், இந்த மீன் வேலையே வேண்டாம், ஒரு ஆளக் குடிச்சுக் காட்ட வெச்சரலாம்னு. மீனு வாயத் தொறந்து நல்லா இருக்குதுன்னு சொல்லுமா? மனுசன் சொல்லுவான்.

யாரக் குடிக்க வெக்கறது? என்னைய ஏன் குடிக்கலீன்னு கேக்கறீங்களா? மொதலாளி குடிச்சா எவன் நம்புவான்? அவன் பொருள அவனே மெச்சிக்கறாம்பான். எனக்கு வயிறும் கொஞ்சம் மென்மைங்க, சின்ன வயசுல இருந்தே. இங்க வேலை செய்யற ஆளுக குடிச்சாலும் சம்பளத்துக்குக் குடிக்கறாம்பான். அப்பத்தான் எனக்குப் பொங்கியண்ணன் ஞாபகம் வந்துச்சு.

பொங்கியண்ணன் யாருன்னா, நம்ம மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். அவனும் பாவாயின்னு அவன் பொண்டாட்டியும், ரெண்டு பேரும்தான், கொழந்த குட்டி இல்ல. தென்னை வெச்சிருந்தான். அவன் கெணத்துத் தண்ணி செவந்து போச்சு, தென்னையெல்லாம் மட்டை காஞ்சு நின்னுச்சு, எருமை செத்துப்போச்சுன்னு என்ற மேல கேஸ் போட்டவன் அவன். நம்ம தண்ணிதான் அவன் கெணத்துக்குப் போச்சுன்னு என்ன அத்தாட்சி? மண்ணுக்கடியில எது எங்க போகுதுன்னு எவன் கண்டான்? அந்தக் கெணத்துத் தண்ணிய ஒரு சொம்புல எடுத்துட்டு ஊரு ஊரா, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சான். பாத்தீங்கன்னா நல்ல ஷேடு அது, மாதுளம்பூக் கணக்கா இருக்கும். எங்க போனாலும் அந்தச் சொம்புதான். அவனக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்த ஆளே நம்ம தண்ணியக் குடிச்சா எப்பிடி இருக்கும்? ரோசனை பண்ணிப் பாருங்க. கேஸ் போட்டவனே குடிக்கறான்னா அதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும்?

நானே நேர்ல அவன் தோட்டத்துக்குப் போனேன். போனதும் அவனுக்கு ஒண்ணுமே புரியல, கட்டலப் போட்டு உக்காருங்கறான். நான் அவன் கெணத்துத் தண்ணிய ஒரு குடம் எடுத்துட்டு வரச் சொல்லி, இங்க கூட்டிட்டு வந்து, அவன் கண்ணு முன்னாலயே கரி மேல ஊத்துனேன். கீழ தெளிஞ்சு வந்துச்சு. அவன் கீழ குந்த வெச்சு உக்காந்து, அந்தக் குழாய்க்கு அடியில கையேந்திட்டே இருந்தான். கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அந்த எடத்துல நான் சொன்னேன், பொங்கியண்ணா, உன்ற கெணத்துக்கே இதே மாதிரி ஒரு கரித்தொட்டி வெச்சுத் தர்றேன், பழையபடி தென்னைக்குப் பாய்ச்சு, நீயும் குடி, நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்கு இந்த ஓரியாட்டம், சண்டை? கேஸ வாபஸ் வாங்கிரு, வர்ற பார்ட்டிக்கு முன்னால ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டு, அவ்வளவுதான். கெணறு சுத்தமாகுங்களா, சத்தியமான்னு கேட்டான். எங்க கொலதெய்வம் மயிலாத்தா மேல சத்தியம்னேன்.

அப்பிடித்தானுங்க ஆரம்பிச்சுது. அவனுக்கு நான் வெள்ளை வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தேன். செவுத்துல அந்தப் படத்தப் பாருங்க, மாலை போட்ட பையருக்குப் பக்கத்துல டம்ளரோட நிக்கறானே, அவன்தான். பையருக வந்தா, காலேஜ்ல இருந்து கூட்டமா வந்தா, பேப்பர்க்காரங்க வந்தா, யாரு வந்தாலும் ஆள் உட்டுக் கூப்புடுவேன். வந்து கும்புடு போடுவான். இவருதான் எங்க மேல கேஸ் போட்டவருன்னு நான் சொல்லுவேன். எல்லாரும் அப்பிடியே வாயப் பொளந்து பாப்பாங்க. அவன் குழாயில டம்ளரப் புடிப்பான், மடமடன்னு குடிப்பான், மீசையத் தொடைச்சுட்டு, நல்லா இருக்குதுங்கம்பான். கை தட்டுவாங்க பாருங்க, எனக்கு ஒடம்பே சிலிர்க்கும். ஆர்டர் மேல ஆர்டர் வந்துச்சு.

ஆனா ஒரு கெட்ட பழக்கம் மேடம் அவனுக்கு. பார்ட்டி காருல ஏறுனதும், டம்ளரக் கழுவி வெச்சுட்டு எங்கிட்ட வந்து, கெணத்துக்கு எப்பங்கம்பான். ஒவ்வொரு தடவையும். கெணத்துக்கு எப்பங்க, கெணத்துக்கு எப்பங்க. காதுல பூச்சி பூந்தாப்புடி. நான் சொல்லுவேன், இந்த சீசன் முடியட்டும் பொங்கியண்ணா. அடுத்த பார்ட்டி வந்துட்டுப் போகட்டும். ஆடி நோம்பி கழியட்டும். வெக்கக் கூடாதுன்னு இல்லீங்க. அவன் கெணத்துக்கு வெச்சுக் குடுத்துட்டா அப்புறம் அவன் இங்க வருவானா? அதையும் நாம பாக்கோணுமல்ல?

பங்குனி வாக்குல அவன் மொகம் மாறுச்சு. எல்லாரும் கறுத்துட்டான்னாங்க. கறுப்பு இல்லீங்க அது. எங்கண்ணு வேற சொல்லுச்சு. மொதல்ல கண்ணோட வெள்ளையில ஒரு எலுமிச்சை மஞ்சள் வந்துச்சு, தண்ணி கலந்த எலுமிச்சை. சித்திரையில அதுவே நல்லா ஏறி மாம்பழம் ஆச்சு. ஆனி மாசம் பாத்தா கடுகெண்ணெய், அடியில ஒரு பச்சை ஓடுது. அந்தப் பச்சைய வேற எவனாலயும் கண்டுபுடிச்சிருக்க முடியாதுங்க. லேபுல இருந்து ஷேடு கார்டு எடுத்துட்டு வந்து அவன் கன்னத்துக்குப் பக்கத்துல புடிச்சுப் பாத்தேன். அச்சு அசல். பசங்களக் கூப்புட்டுக் காட்டுனேன், பாருங்கடா, ஷேடு பாக்கறதுன்னா இதுதான்னு. அவனும் சிரிச்சான். என்னங்க, நல்லா இருக்குதுங்களான்னான். வெகுளியான ஆளுதான், இல்லீங்கல.

அவன் பொண்டாட்டி பாவாயி ஒரு நாள் வந்து கேட்டுல நின்னா. அவருக்கு ஒண்ணுக்குப் போறதுக்கே செரமமா இருக்குதுங்க, காலெல்லாம் வீங்குது, வேற யாரையாச்சும் குடிக்கச் சொல்லுங்கன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. அவன் குடிச்சாத்தான பாவாயி அதுக்கு மதிப்பு, கண்டவன் குடிச்சா யாருக்கு வேணும்னேன். இங்க எத்தன பேரு வேலை செய்யறாங்க, எவனுக்காச்சும் ஒரு தலவலி வந்துச்சான்னு கேட்டேன். யாரும் குடிக்கறதில்லீங்களேன்னா. வாய் அவளுக்கு. அப்பவும் நான் ஒண்ணும் சொல்லல, என்ற கார்லயே அவன டாக்டர்கிட்டத் தாட்டி உட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்புனேன், என்ன தண்ணி குடிக்கறேன்னு டாக்டர் கேட்டா கெணத்துத் தண்ணின்னு சொல்லுன்னு. பொய் இல்லியே? அதையும் குடிச்சவன்தான? டாக்டரு கிட்னி போயிருச்சுன்னுட்டாரு. கெணத்துத் தண்ணிய உட்டுருங்கன்னாராம். வந்து எங்கிட்ட நெம்பக் கெஞ்சறான், டாக்டரே சொல்லிட்டாருங்க, இப்பவாச்சும் கெணத்துக்குத் தொட்டி வெச்சுக் குடுங்கன்னு.

அப்பத்தான் வெளிநாட்டுல இருந்து பெரிய பார்ட்டி வர்றதுன்னு தகவல். மேடம், இவ்வளவு நாளா வந்தவங்க ஒண்ணும் பார்ட்டியே இல்ல. இவிய வந்து சரின்னு சொல்லியிருந்தா நாம எங்கயோ போயிருப்போம். வாசல்ல வாழை கட்டி, கரித்தொட்டிக்கு முன்னால மேடை போட்டு, மேடை பூரா வெள்ளைத்துணி விரிச்சேன், தெளிஞ்ச தண்ணி வெள்ளைக்கு முன்னாலதான் எடுப்பாத் தெரியும்னு. பொங்கியண்ணன ரெண்டு ஆள் தாங்கிட்டு வந்தாங்க. பொங்கியண்ணா, இதுதான் கடைசி, இந்தப் பார்ட்டி போனதும் நாளைக்கே உன்ற கெணத்துக்கு ஆள் வருதுன்னேன். அவன் அப்பிடியே நிமுந்து நின்னான் பாருங்க, தாங்குன கையெல்லாம் எடுத்து உட்டுட்டான். வேட்டிய நல்லா இறுக்கிக் கட்டுனான். கும்புட்டான். டம்ளரப் புடிச்சான். குடிச்சான். பூராத்தையும் குடிச்சான்.

குடிச்சவன் நல்லா இருக்குதுங்கன்னு சொல்லோணுமல்ல? வாயத் தொறந்தான், அம்புட்டும் வெளிய வந்துருச்சு. தண்ணி மட்டும் வந்திருந்தாத் தொலையுதுன்னு உட்டிருக்கலாம். ரத்தமுங்க. வெள்ளைத்துணி மேல. நல்ல மெரூன், ஓரமெல்லாம் பழுப்பு. ஒரு வெள்ளைக்காரம்மா செருப்பு மேலயும் தெறிச்சுருச்சு. அவிய எல்லாம் மொகத்தச் சுளிச்சுட்டுக் காருக்கு ஓடறாங்க, நான் பின்னாலயே ஓடறேன், நான் என்ன சொன்னாலும் அவங்களுக்குப் புரிய மாட்டேங்குது. என்ற மானம் கப்பலேறிப்போச்சு. அந்த ஆர்டர் போச்சு. அத்தோட ஊரே பேச ஆரம்பிச்சுது. நீங்களே சொல்லுங்க, ஒரு நிமிசம் பல்லக் கடிச்சுட்டு நின்னிருக்க முடியாதா? அவங்க காருல ஏறுன பொறவு வாந்தி எடுத்திருக்கக் கூடாதா? அத்தன நாளு வேட்டி சட்டை, காரு, மரியாதை எல்லாம் குடுத்தேன். அதுக்கு எனக்கு அவன் செஞ்சது இது.

இருந்தாலும் நான் மனசுல வெச்சுக்கலீங்க. அதத்தான் டீக்கடையில எவனும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான். அவன் சாகக் கெடக்கறான், பேச்சு அடங்கிருச்சு, வாயில ஊத்தற தண்ணி கடவாயில வழிஞ்சுருது. ஆசுபத்திரித் தண்ணி ஊத்துனாங்களாம், பாட்டில் தண்ணி ஊத்துனாங்களாம், உள்ள எறங்கலையாம். கெணறு, கெணறுன்னு ஒதட்ட அசைக்கறானாம். பாவாயி கெணத்துல ஒரு சொம்பு மோந்துட்டு, அழுதுட்டே இங்க ஓடியாந்தா. அதே சொம்பு, அதே மாதுளம்பூ ஷேடு. எப்பிடிங்க இதை அவரு வாயில ஊத்துவேன், தெளிய வெச்சுக் குடுங்கன்னு என்ற கால்ல உழுந்தா.

வேற எவனா இருந்தாலும் கேட்டுலயே வெரட்டியிருப்பான். நான் ஆளக் கூடக் கூப்புடலீங்க. நானே ஏணியில ஏறி, என்ற கையால அந்தச் சொம்புத் தண்ணியக் கரி மேல ஊத்துனேன். கீழ வந்து நானே புடிச்சேன். அவ்வளவு தெளிவு. கொண்டு போயி அவன் வாயில ஊத்துனாளாம், மொடக்குன்னு முழுங்குனானாம். அதோட போயிருச்சாம் உசுரு. கெணத்துக்கு எப்பங்கன்னு கேட்டுட்டே இருந்தானே, அவன் கெணத்துத் தண்ணியத் தெளிய வெச்சு அவன் வாயிலயே எறக்கிட்டேன். குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன் மேடம். மயிலாத்தாளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியது ஒண்ணுமில்ல.

பாவாயிய நடுத்தெருவுல உட்டுட்டனா? அதுவும் இல்ல. கவர்மெண்டுல செத்தவன் பொண்டாட்டிக்கு வேலை குடுக்கறாப்புடி, நானே கூப்புட்டு வேலை குடுத்திருக்கறேன். தோட்டம் பாழாக் கெடக்குது, அவளும் எங்கதான் போவா? எனக்கு எளகுன மனசுங்க, அதுதான் என்ற கெட்ட காலமே. பெருசா வேலையும் ஒண்ணுமில்ல. கூட்டித் தொடைக்கறது, யாராச்சும் வந்தா…

இருங்க, அவளையே கூப்புடறேன். பாவாயி! மேடம் வந்திருக்கறாங்க, டம்ளரக் கழுவி எடுத்துட்டு வா. கண்ணாடி டம்ளரு.

இவதானுங்க. கும்புடு போடு பாவாயி. மேடம் மெட்ராசுல இருந்து வந்திருக்கறாங்க. இவ ஊட்டுக்காரருதான் மேடம் எங்க மேல கேஸ் போட்டவரு, இப்ப இவளே நம்ம தண்ணியத்தான்… பாருங்க, இந்த வெள்ளைத் துணிக்கு முன்னால புடிக்கறேன். ஒரு தூசி இருக்குதா? பாட்டில் தண்ணி கூட இவ்வளவு தெளிவா இருக்காதுங்க. கிட்ட வந்து பாருங்க, கையில வாங்கிக் கூடப் பாருங்க.

ஐயோ மேடம்! என்ன பண்றீங்க? வாயில வெக்காதீங்க, குடுங்க இப்பிடி, குடுங்கங்கறேன்! அட, புடிச்சுப் புடுங்கிட்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க துப்பட்டாவுல வேற கொட்டிருச்சு. ஒண்ணும் ஆவாது, கறை புடிக்காது, வெறுந்தண்ணிதான். இல்லீங்க, சுத்தந்தான், சுத்தமில்லாம என்ன? நீங்க வெளியூரு, உங்களுக்குப் பழக்கமில்லீங்க, அதுக்குத்தான். உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா உங்க கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது? அந்தப் பாட்டில் தண்ணியக் குடிங்க. பாவாயி, டம்ளர நெரப்பிட்டு வா.

நானா? நான் குடிக்கறதா? அதுதான் சொன்னனேங்க, எனக்கு வயிறு மென்மை.

என்ன பாவாயி, மொணமொணங்கறே? கெணத்துக்கா? இவளும் அந்தாளாட்டவே ஆரம்பிச்சுட்டா மேடம். வெச்சுத் தர்றேன் பாவாயி. வெக்கமாட்டேன்னா சொன்னேன்? இந்த மேடம் போயிச் சரின்னு சொல்லட்டும், உன்ற கெணத்துக்குத்தான் மொத வேலை. நெசமாத்தான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம, வெளிச்சத்துக்கு வந்து நில்லு. ஜன்னல் பக்கம் திரும்பு. இன்னுங் கொஞ்சம். கண்ண நல்லாத் தொற.

மேடம், இங்க வந்து பாருங்களேன். இவ கண்ணுல, அந்த வெள்ளையில, தெரியுதா? எலுமிச்சை, தண்ணி கலந்த எலுமிச்சை. பங்குனியில அவனுக்கு வந்த அதே ஷேடு. லாட்டுக் கூட மாறல. வேணும்னா ஷேடு கார்டு எடுத்துட்டு வரச் சொல்றேன், வெச்சுப் பாத்துக்கோங்க. எங்கண்ணு பொய் சொல்லாதுங்க.

நீ குடி பாவாயி. மேடத்துக்கு நேரமாகுது.